உறுதிசெய்யப்படாத கடை

1979 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நகராண்மைக் கழக ஆட்கள் இடித்து லோரியில் ஏற்றிக்கொண்டு போன இராஜம்மாவின் ஒட்டுக்கடை, புதன்கிழமை காலை அதே இடத்தில் நின்றது. பெஞ்சு மூன்று, தோசைக்கல் ஒன்று, கூரையில் பழைய ஓட்டை இருந்த இடத்தில் ஓட்டை. மறுபடி இடித்தார்கள், வியாழக்கிழமையும் நின்றது. கிள்ளான் பக்கத்து ஊர் அது. முதலில் சாப்பிடுவோம், பிறகு ஆச்சரியப்படுவோம் என்று நாங்கள் முடிவு செய்தோம். இடிக்க வந்த ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அய்யாவுவும் அதைத்தான் செய்தார்.

"கோவிச்சுக்காதீங்க லா, அக்கா. மேல சொல்றாங்க, உடைக்கிறோம்."

"உடைங்க தம்பி. முதல்ல பசியாறுங்க."

காரணத்தைக் கண்டுபிடித்தவர், கழகக் கூட்டக் குறிப்புகளை எழுதும் தலைமைக் கிராணி சிவசம்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், காற்புள்ளி தவறினால் அவருக்குக் காய்ச்சல் வரும். அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கேட்டு ஜூன் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் தம்புசாமியிடம் அவர் நிதானமாகச் சொன்னார்: "அடுத்த கூட்டத்தில குறிப்பை உறுதிசெய்யிற வரைக்கும் தீர்மானம் செல்லாது. நீங்கள் அவசரப்பட்டுட்டீங்கள். கடைக்கு விதி தெரிஞ்சிருக்கு."

ஆக, ஜூலை கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிந்தால் கடை விழும், பிறகு எழாது. இராஜம்மாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. கழக உறுப்பினர்கள் இருபத்து நான்கு பேரையும் ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. வருஷத்துக்கொரு முறை மேலிடத்திலிருந்து கடிதம் வரும், உறுப்பினராகிவிடுவார்கள். ஓட்டுப் போடமாட்டோம் என்று மிரட்ட வழியில்லாததால் நாங்கள் மனு எழுதினோம். மனு எழுதுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. பதில் வாங்குவதில்தான் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். இராஜம்மா மனு எழுதவில்லை. நேரே சிவசம்புவின் மேசைக்குப் போனார்.

"ஐயா, போன மாசக் கூட்டம் எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"பத்து மணிக்கு இருபத்து மூணு பேரு என் கடையில தோசை சாப்பிட்டாங்க. வருகைப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்னு சிரிப்பு வேற. தம்புசாமி மட்டுந்தான் வரலை. அவருக்குச் சர்க்கரை."

சிவசம்புவின் காது சிவந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே 'ஏகமனதாக' என்று பல வருஷமாக எழுதிவந்தவர் அவர். அன்று இராஜம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்து, கூட்டக் குறிப்போடு இணைத்தார்.

ஜூலையில் தம்புசாமி முன்மொழிந்தார். வழிமொழிகிறவர் எழுந்து, "அன்று நான் இந்த அறையில் இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். இருபத்து மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"யாராச்சும் எந்திரிங்க லா!" என்றார் தம்புசாமி.

"நான் அன்னைக்கு மூணு தோசை, பாஸ்," என்றார் பக்கத்தில் இருந்தவர், மெதுவாக.

ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டிலும், செப்டம்பரிலும். வருஷம் முடிந்து புதிய இருபத்து நான்கு கடிதங்கள் வந்தன. புதியவர்களில் ஒருவர்கூட ஜூன் கூட்டத்தில் இல்லாததால் உறுதிசெய்ய ஆள் இல்லை. ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். இன்னும் நடக்காத ஒன்றை எப்படி ரத்து செய்வது என்று சிவசம்பு கேட்டார். சட்ட ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் அந்தக் கோப்பைப் பார்த்ததும் விடுப்பில் போனார்.

தீர்மானம் உறுதியாகவும் இல்லை, ரத்தாகவும் இல்லை; எனவே ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை லோரி வரும். அய்யாவு தோசைக்கல்லை ஆறவிட்டு, பிறகு இடிப்பார். இராஜம்மா அன்று பிற்பகல் கிள்ளானுக்குப் படம் பார்க்கப் போவார். அவருக்கு வேறு விடுமுறை கிடையாது. சிவசம்பு ஓய்வு பெற்றார், கழகத் தலைவர்கள் நான்கு பேர் மாறினார்கள். 1994-இல் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த ஒருவர், வெறும் தரையைப் பார்த்துக் கடை எங்கே என்று விசாரித்தார்.

"இன்னைக்கு உடைச்சிருக்காங்க, அங்கிள்," என்றாள் பக்கத்துப் பூக்கடைப் பெண், தொடுத்துக்கொண்டிருந்த சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்குக் காலையில வாங்க. ஆறு மணிக்கெல்லாம் இருக்கும்."