சாசேஜில் இரட்டை உப்பு

சோனியாவின் வீட்டில் உப்புக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டியின் மூடி கவிழ்ந்திருந்தால் உப்பு போட்டாயிற்று. நேராக இருந்தால் இன்னும் போடவில்லை.

சட்டம் போட்டவள் அவளுடைய மாமியார் லட்சுமம்மா. அந்த வீட்டில் ஒரே குழம்பை இரண்டு பேர் சமைத்தார்கள். அதுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். சண்டை ஒன்றுமில்லை, ஷிப்ட்தான்.

லட்சுமம்மாவுக்கு இந்திரா நகரில் ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஆறு முதல் மதியம் ஒன்று வரை. சோனியாவுக்கு லிங்கராஜபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில்லிங் வேலை. மதியம் ஒன்றரை முதல் மாலை ஏழரை வரை. நடுவில் நாலரை வயது சங்கமித்ரா. அவளை அல்சூர் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாற்றிக்கொள்வார்கள். "சாப்ட்டா, இருமல் மருந்து கொடுத்தாச்சு, ஸ்வெட்டர் பையில இருக்கு" என்று மூன்று வாக்கியம் பேசுவதற்குள் பஸ் வந்துவிடும். குழம்பும் குழந்தையைப் போலத்தான். காலையில் சோனியா பாதி, மாலையில் லட்சுமம்மா மீதி.

போனில் கேட்டுக்கொள்ளலாமே என்றால், வேலை நேரத்தில் லட்சுமம்மாவின் போன் சூப்பர்வைசரின் மேஜை டிராயரில் கிடக்கும். சோனியாவின் கவுண்டரிலும் அதே கதை. ஆகவே மூடி பேசியது.

சோனியாவின் கணவன் நரேஷ் மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருடம் ஆகிறது. மர்பி டவுனில் அந்த ஒன்றரை அறை வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்துதான் மித்ராவை வளர்த்தார்கள். நரேஷின் அம்மா ஏன் இன்னும் மருமகளோடு இருக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. போன மாதம் வரை.

போன மாதம்தான் கிரண் போன் செய்தான். லட்சுமம்மாவின் இளைய மகன். நகரத்துக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை. அவன் மனைவி யசோதாவுக்கு எட்டாம் மாதம். தாயில்லாத பெண்.

"அண்ணி, அம்மா இங்க வரேன்னுட்டாங்க. உங்க மூஞ்ச பாத்து சொல்ல அவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்காம். நீங்களும் கேக்காதீங்க, அழுவாங்க. அடுத்த மாசம் நாலாவது ஞாயித்துக்கிழமை நானே கார் எடுத்துனு வந்து கூட்டினு போறேன்."

சோனியா கேட்கவில்லை. கேட்க அவளுக்கு என்ன உரிமை? சொந்த மகன் கூப்பிடுகிறான், சொந்தப் பேரக்குழந்தை பிறக்கப்போகிறது. அவள் பேசாமல் அல்சூரில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு க்ரெச்சில் விண்ணப்பத் தாள் வாங்கி வந்து, பூர்த்தி செய்து, பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள். பாட்டியை அவ்வா என்று கூப்பிடுகிற மித்ராவிடம் ராத்திரி, "அவ்வா இல்லாம சமத்தா சாப்பிடுவியா?" என்று கேட்டுப் பார்த்தாள். "மாட்டேன்" என்று பட்டென்று பதில் வந்தது.

நாளை நாலாவது ஞாயிறு.

சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் சாசேஜ். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இறைச்சி விற்கும் கோல்ட் ஸ்டோரேஜில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்றி சாசேஜ் சரம் சரமாக வந்து இறங்கும். ஒரு சரம் வாங்கி வந்து, சனிக்கிழமை காலையில் அடிகனமான சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைப்பாள் சோனியா. தண்ணீர் வற்றி, அதன் கொழுப்பே எண்ணெயாகக் கசிந்து வரும்போது எடுத்து வட்டம் வட்டமாக நறுக்குவாள். அதே எண்ணெயில் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, உப்பு. துண்டுகளைப் போட்டுப் பிரட்டி மூடிவிட்டுப் போவாள். சாயங்காலம் லட்சுமம்மா அதில் இடித்த மிளகும் ஒரு ஸ்பூன் வினிகரும் சேர்த்து, சுருளச் சுருள வறுத்து, ரசம் சோற்றோடு மித்ராவுக்கு ஊட்டுவாள். வாரம் முழுக்கத் தட்டை எட்டி உதைக்கிற பெண், சனிக்கிழமை மட்டும் தட்டை வழித்துச் சாப்பிடும்.

அன்றும் சோனியா எல்லாம் செய்தாள். கடைசிச் சனிக்கிழமை என்று நினைத்தபோது கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழி போட்டாள். உப்பு போட்டாள். மூடியைக் கவிழ்த்தாள். கதவைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு வேதநாயகியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையோடு கிளம்பினாள்.

வேதநாயகி மதியத் தூக்கத்தில் இருந்ததால் அவள் வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, இரண்டரை மணிக்கு மித்ராவோடு வீட்டுக்குள் நுழைந்த லட்சுமம்மா வாசலிலேயே நின்றாள். கதவு மூலையில் ஒரு புத்தம்புது சூட்கேஸ் நின்றிருந்தது. நீல நிறம். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அவ்வா, இது யாருது?" என்று மித்ரா அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எனுதுதான் போலக்குது" என்றாள் லட்சுமம்மா.

சாயங்காலம் அடுப்படிக்குப் போனாள். சட்டியின் மூடி நேராக இருந்தது. உப்பு போடவில்லை. சோனியா சூட்கேஸை ஞாபகமாக வாங்கி வைத்திருக்கிறாள், உப்பை மட்டும் மறந்துவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள்.

சோனியா வீடு வந்து சேர எட்டு மணி. உள்ளே மித்ரா வாயைத் திறந்து நாக்கை நீட்டி அழுதுகொண்டிருந்தாள்.

"கடல் தண்ணி! கடல் தண்ணி!"

"இன்னா ஆச்சு அத்தே?"

"நீயே போட்டு பாரு."

ஒரு துண்டை வாயில் போட்ட சோனியாவுக்குக் காது வரை உப்பு ஏறியது. துப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மூலையில் இருந்த சூட்கேஸ் கண்ணில் பட்டது. அட, சூட்கேஸ்கூட வாங்கிவிட்டார்களா? ஒரு வார்த்தை சொல்லாமல்?

"மூடிய கவுத்துட்டுதானே போனேன்?" என்றாள், குரல் கொஞ்சம் உயர்ந்தே.

"நேராதான் இருந்துச்சு."

"நான் கவுத்தேன் அத்தே."

"அப்ப எனுக்கு கண்ணு தெரியலன்ற. சரி. கண்ணு தெரியாதவள வீட்ல வெச்சிக்கினு நீயும் இன்னா பண்ணுவே."

"நான் அப்டி சொன்னேனா? உங்க மனசு இங்க இருந்தா தானே மூடி தெரியும். அது எப்பவோ அத்திபெலே போய்டுச்சு."

"என் மனசா?" லட்சுமம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "பீரோல க்ரெச்சு பாரத்த ஒளிச்சு வெச்சது யாரு? துணி மடிக்கறவ நான், எனுக்கு தெரியாதா? சூட்கேசு வாங்கி கண்ணுக்கு எதிர வெச்சது யாரு?"

"சூட்கேஸ் நான் வாங்கினேனா? நீங்க வாங்கினது இல்லியா?"

"நான் இன்னாத்துக்குடி வாங்கறேன்? ரெண்டு கட்டைப் பையில அடங்கிடும் என் சொத்து."

இருவரும் சூட்கேஸைப் பார்த்தார்கள். அதற்குள் மித்ரா அதைத் திறந்து உள்ளே படுத்துக்கொண்டு, அழுகையை மறந்து, "நானு ஊருக்கு போறேன்" என்றாள்.

அந்த நேரத்தில் வேதநாயகி எட்டிப் பார்த்தாள். சண்டைச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும். இன்று கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"இன்னா லட்சுமம்மா, மவன் வந்துட்டு போனானே, பாத்தியா?"

"எந்த மவன்?"

"உனுக்கு எத்தினி மவன் இருக்கறான்? கிரண்தான். ஒரு மணி இருக்கும். பெரிய பொட்டி ஒண்ணு தூக்கினு வந்தான். நான்தான் சாவி குடுத்தேன். வாயத் தொடச்சிக்கினே வெளிய வந்தான். 'அண்ணி சாசேஜ் சூப்பர் ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டு ஓடிட்டான்."

மூடியைத் திறந்தவன் யார் என்று இருவருக்கும் ஒரே நொடியில் விளங்கியது. அந்த வீட்டுச் சட்டம் தெரியாதவன் மூடியை எப்படி வைப்பான்? எல்லோரையும் போல நேராகத்தான்.

வேதநாயகியை ஒரு வழியாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள் சோனியா. கூடையிலிருந்து மூன்று உருளைக்கிழங்கை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினாள். உப்பை உறிஞ்சக் கிழங்கை விட்டால் வேறு வழியில்லை. குழந்தை இன்னும் சாப்பிடவில்லை.

"அத்தே, கிரண் கிட்ட வரேன்னு நீங்க எப்ப சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவன்தான் சொன்னான். 'அண்ணி கிட்ட பேசிட்டேன்மா, அவங்க க்ரெச்சு பாத்துட்டாங்க, உனுக்கு வயசாச்சு, சிரமம் குடுக்க வேணாம்னு அண்ணியே சொல்றாங்க'ன்னான். உன்ன கேக்காத, சங்கடப்படுவேன்னும் சொன்னான்."

சோனியாவின் கத்தி நின்றது. "அதையேதான் என் கிட்டயும் சொன்னான். உங்கள கேக்காதன்னு."

லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. "திருட்டுப் பய. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துலயும் இப்டிதான். டீச்சர் கிட்ட எனுக்கு ஜுரம்னுவான், என் கிட்ட டீச்சருக்கு ஜுரம்னுவான்."

சோனியா சிரிக்கவில்லை. கிழங்கைச் சட்டியில் போட்டு, இன்னொரு தக்காளியும் தண்ணீரும் சேர்த்து அடுப்பை ஏற்றினாள்.

"சரி, அவன் பொய்ய விடு" என்றாள் லட்சுமம்மா அவள் முதுகைப் பார்த்து. "நீ சொல்லு. நான் போவட்டா, இருக்கட்டா?"

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று சோனியா நினைக்கவில்லை. யசோதா தாயில்லாத பெண். வயிற்றுப் பிள்ளையோடு தனியாக இருக்கிறாள். 'போய்ட்டு வாங்க அத்தே' என்பதுதான் நியாயம். ஒரு மாதமாக அந்த வாக்கியத்தை அவள் பழகி வைத்திருந்தாள்.

"போவாதீங்க" என்றாள்.

அடுப்பைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். "மித்ராவுக்காக சொல்லல. அவள க்ரெச்சுல விட்டா ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் பழகிடுவா. எனுக்கு தான் ஆவாது. கடைல நாள் பூரா யார் யாரோ கத்தறாங்க. வீட்டுக்கு வந்தா நீங்க கத்தணும். நீங்க இல்லன்னா இது வீடே இல்ல அத்தே. யசோதா பாவம்தான், தெரியுது. ஆனா போவாதீங்க."

லட்சுமம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"இத சொல்றதுக்கு ஒரு மாசமா? நானு ராத்திரில தூங்காம, நம்மள வேணாம்னுட்டாளே, இனிமே யாரு தலைய வாரிவுடுவேன்னு... போடி. போன எடு. அவனுக்கு போடு. ஸ்பீக்கர்ல போடு."

கிரண் இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "அம்மா, சூட்கேஸ் பாத்தியா? ஆஃபர்ல வாங்கினேன். போன் பண்ணேன், நீ எடுக்கல."

"பாத்தேன். உன் அண்ணன் மவ உள்ள படுத்துக்கினு இருக்கறா. டேய், சாசேஜ் எத்தினி துண்டு தின்ன?"

"ரெண்டே ரெண்டு..."

"எத்தினி?"

"எட்டு."

"தின்னுட்டு மூடிய நேரா வெச்சியே, அதுல ஒரு கை உப்பு எக்ஸ்ட்ரா வுழுந்து, கொழந்த பட்டினி. அத வுடு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு பொய் போட்டியே, அதுக்கு இன்னா பண்ணலாம்?"

கிரணின் குரல் சின்னப் பையன் குரலாக வந்தது. "பயமா இருந்துச்சுமா. நான் காலைல போனா நைட்டு தான் வரேன். அவ தனியா இருக்கா. உன்ன கேட்டா அண்ணிய வுட்டு வரமாட்டேன்னுவ. அண்ணிய கேட்டா உன்ன வுடமாட்டாங்க. வேற இன்னா பண்றது?"

சோனியாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. "கிரண், யசோதா கிட்ட போன குடு" என்றாள்.

"அக்கா" என்றது மெல்லிய குரல். கன்னடம் கலந்த தமிழ். யசோதாவின் ஊர் ஆனேக்கல் பக்கம்.

"யசோதா, உனுக்கு எங்க இருக்கணும்? அவன கேக்காத. நீ சொல்லு."

"எனுக்கு இங்க பேடா, வேணாம் அக்கா. மாடி வீடு, தண்ணி கீழருந்து தூக்கணும். அங்க வரட்டான்னு நானு இவுரு கிட்ட மொதல்லயே கேட்டேன். அண்ணி வீட்ல எடம் இல்ல, அவங்களுக்கு பிடிக்காதுன்னு சொல்லிட்டாரு."

"மூணாவது பொய்!" என்று லட்சுமம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது பொய் இல்லமா, நானா நெனச்சது" என்று பின்னாலிருந்து கிரண் கத்தினான்.

சோனியா வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு டிவி, குழந்தை அடங்கிய ஒரு சூட்கேஸ். இடம் இல்லைதான். பெரிய ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிடம். காலையில் அவள் இருப்பாள், மதியத்துக்கு மேல் லட்சுமம்மா இருப்பாள். நடுவில் விழுகிற இடைவெளிக்குப் பக்கத்து வீட்டில் வேதநாயகி இருக்கிறாள். யசோதா ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்க வேண்டியதில்லை.

"நாளைக்கு கார் சொல்லி வெச்சிருக்கீங்க இல்ல? அதுல நீ ஏறி வந்துடு" என்றாள். "ஆஸ்பத்திரி ஃபைல எடுத்துக்க மறக்காத."

அந்தப் பக்கம் யசோதா அழத் தொடங்கினாள். இந்தப் பக்கம் லட்சுமம்மா ஏற்கெனவே கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "அது ஜன்னல் பக்கம் போவணும், புள்ளத்தாச்சிக்கு காத்து வேணும். நீயும் நானும் மித்ராவும் கீழ. சோனியா, அந்தக் கால புடி. அடுப்ப சிம்ல வை மொதல்ல!"

கிழங்கு வெந்து உப்பு இறங்கியிருந்தது. வறுவலாக இருக்க வேண்டியது இன்று குழம்பாகிவிட்டது. மித்ராவை சூட்கேஸிலிருந்து தூக்கி மடியில் வைத்து, முதல் வாயை ஊதி ஊதி ஊட்டினாள் லட்சுமம்மா. குழந்தை மென்று, யோசித்து, கிழங்கைத் துப்பிவிட்டு, சாசேஜை மட்டும் விழுங்கியது. இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

போன் மறுபடி அடித்தது. கிரண்.

"அம்மா, எல்லாம் சரி. யசோதா கட்டில்ல, நீங்க மூணு பேரும் கீழ. நான் எங்க படுக்கறது?"

"அத்திபெலேல" என்றாள் லட்சுமம்மா, அடுத்த வாயை உருட்டியபடி.