அண்ணியின் டிவியில் மூன்று சுற்று

புதன்கிழமை என் மானிட்டர் நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்து உயிரை விட்டது. பழுது பார்க்கிறவர் பத்து நாள் கேட்டார். எனக்கு இருந்ததோ நாலே நாள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு கம்ப்யூட்டரில் ஓட்டும் இணைய கார் பந்தயத்தின் தகுதிச் சுற்று. ஆளுக்கு மூன்று முறை ஓட்டலாம், அதில் சிறந்த நேரம்தான் கணக்கு. முதல் பதினாறு பேர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். போன வருஷம் நான் பதினேழாவது. அன்றிலிருந்து என் கணவரின் அக்கா என்னைக் கூப்பிடுவதே 'பதினேழு' என்றுதான்.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே திரை, ஹாலில் இருக்கும் அந்த அண்ணியின் டிவி. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் சோதிக்கிற வேலை அவருக்கு. டிவியையும் அப்படித்தான் நிறம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகத் தன் கண்ணுக்குச் சரி செய்து வைத்திருந்தார். மெனு பட்டனை வேறு யாராவது அமுக்கினால் வீடு ரெண்டாகும். நான் கணவரைத் தூது விட்டேன். தினமும் ஆறிலிருந்து எட்டு வரையும், ஞாயிறு மதியம் முழுக்கவும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. நேரில் போய்ப் பேசியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. பதினேழு என்று கூப்பிடுகிறவரிடம் கெஞ்ச நான் ஆளில்லை.

டிவி வந்த அட்டைப்பெட்டியில் நூற்றிருபது ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதாவது நொடிக்கு நூற்றிருபது முறை படம் மாறும். என் மானிட்டருக்கும் அதே வேகம்தான். ஆனால் கம்ப்யூட்டரை மாட்டினால் அறுபதுக்கு மேல் ஏற மாட்டேன் என்றது. அதைவிட மோசம், நான் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு ஆற அமர யோசித்துத்தான் வண்டி திரும்பியது. முதல் நாள் ஒரு வளைவு விடாமல் சுவரில் முட்டினேன். பெட்டியில் பொய் எழுதிவிட்டான் என்று முகம் தெரியாத யாரையோ திட்டினேன். இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன்: வளைவு வருமுன்பே திருப்பிவிடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பழகினேன். சனிக்கிழமை ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு நொடியில் சுற்றை முடித்தேன். பதினாறுக்குள் வர அது போதும்.

ஞாயிறு இரண்டு மணிக்குக் கடைசிப் பயிற்சி. துவைத்த துணியை மடிக்க ஹாலுக்கு வந்த அண்ணி, கையில் துண்டோடு நின்று என் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வளைவு வரதுக்கு முன்னாடியே ஏன் திருப்புற?"

"டிவி லேட்டா காட்டுது அண்ணி. அதுக்கேத்த மாதிரி பழகிட்டேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. படம் வழுக்கிட்டு போகணும்னு நான்தான் ஒண்ணைப் போட்டு வெச்சிருக்கேன். நடுவுல நடுவுல அதுவா படம் சேக்கும். லேட்டாகத்தான் செய்யும்."

எனக்குக் காது சூடானது. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். லிஃப்ட் நாலு விரல் கீழே நிற்கிறது, நாங்கள் தாண்டிப் பழகிவிட்டோம் என்று யாராவது சொன்னால், முதல் நாளே சொல்வதற்கு என்ன என்று வறுத்தெடுத்துவிடுவேன். அதே காரியத்தை நாலு நாள் உட்கார்ந்து செய்திருக்கிறேன், ஒரு கேள்வி கேட்கக் கௌரவம் பார்த்து.

அண்ணி அதற்குள் டிவியின் பின்னால் தலையை நுழைத்திருந்தார். அங்கே ஒயர் செருக இருந்த நாலு போர்ட்டில் ஒன்றுதான் முழு வேகத்தைத் தாங்குமாம். அதில் அவருடைய ஸ்பீக்கர் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என் ஒயரைச் செருகினார். ரிமோட்டை எடுத்து, படம் சேர்க்கிற வேலையை நிறுத்தும் கேம் மோடுக்கு மாற்றினார். கம்ப்யூட்டரில் நூற்றிருபது வந்தது. கை அசைந்ததும் வண்டி அசைந்தது.

முதல் வளைவிலேயே உள்பக்கச் சுவரில் போய் ஏறினேன். பழக்கதோஷத்தில் கை முன்கூட்டியே திருப்பியது. அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு நிமிடம் ஐம்பது நொடிக்குக் கீழே வரவில்லை. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அண்ணி ரிமோட்டைக் கையில் எடுத்தார். "பழசுக்கே மாத்திடட்டுமா? அதுல உள்ள வந்துடுவல்ல?"

வந்துவிடுவேன். ஆனால் இறுதிப் போட்டி நடப்பது போட்டி நடத்துகிறவர்களின் அரங்கில், அவர்களுடைய வேகமான திரையில். அங்கே இந்தக் கோணல் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? பயமாகத்தான் இருந்தது. இந்த வருஷமும் வெளியே நின்றால் எனக்குத் தாங்காது.

"வேண்டாம் அண்ணி. இதுலயே ஓட்டுறேன்."

முதல் முறை மூன்றாம் வளைவில் சுவர். இரண்டாம் முறை கையை இழுத்துப் பிடித்து ஓட்டியதில் ஒரு நிமிடம் நாற்பத்தேழு, பட்டியலில் முப்பத்தோராவது இடம். மூன்றாம் முறை, இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று ஒவ்வொரு வளைவுக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஆறாம் வளைவுக்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. கண் பார்த்தது, கை திருப்பியது. ஒரு நிமிடம் நாற்பத்தொன்று. நாலு மணிக்குப் பட்டியலை மூடியபோது பதினான்காவது இடத்தில் நின்றேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

அண்ணி தன் ஸ்பீக்கரைத் திரும்ப மாட்ட எழுந்தார்.

"அண்ணி, அதை மாட்டாதீங்க," என்றேன். "ஃபைனல் வரைக்கும் தினமும் எனக்கு டிவி வேணும். நீங்களும் பக்கத்துல உக்காந்து என் கையைப் பாக்கணும்."

அவர் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு வந்து, துணிக் குவியலை ஓரமாகத் தள்ளி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூணாவது வளைவுல இன்னும் முந்துற. மறுபடி ஓட்டு."