எட்டாம் பொத்தான்

மவுஸை அண்ணன் சுவரில் அடித்து உடைத்தது முந்தின நாள் சாயங்காலம். மவுஸ் ஒரு பாவமும் செய்யவில்லை. மாடிப்படிக் கைப்பிடி வளைவு ஒன்றைத் தம்பி ஒட்டடை தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைந்திருந்தான். வாடிக்கைக்காரர் பார்த்துவிட்டு, "இதுதான்யா வேணும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் தலை மறைந்ததும் மவுஸ் சுவருக்குப் போனது, கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஓர் உதை, ஒட்டடையின் விலாவில் இரண்டு. குறுக்கே வந்த அண்ணிக்குக் கன்னம் பழுக்க ஓர் அறை. ஆள் பார்த்து அடிக்கிற வழக்கமெல்லாம் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்ததால் ஒட்டடை. அண்ணனுடையது மரத்தில் மாடிப்படி செய்கிற பட்டறை. அறுக்க ஆள் உண்டு, இழைக்க ஆள் உண்டு. ஆனால் படி எங்கே திரும்ப வேண்டும், எந்த மூலையில் எத்தனை அங்குலம் ஒதுங்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவன் ஒட்டடை ஒருத்தன்தான். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவன் வரைந்தது அத்தனையும் அந்த ஒரே பெட்டிக்குள் கிடந்தது. பெரிய பட்டறை நடத்துகிற ஓர் அம்மா அவனிடம், "உன் படத்தையெல்லாம் கொண்டாப்பா. பார்த்துட்டு வேலையும் தரேன், தங்க ரூமும் தரேன்" என்று சொல்லியிருந்தார். படங்கள் கைக்கு வந்தால் அடி வாங்காத வாழ்க்கை. வராவிட்டால் இதே பட்டறை, இதே அடி.

மறுநாள் பட்டறைக்கு விடுமுறை. அண்ணன் மரக்கடைக்குப் போன கையோடு ஒட்டடை பெட்டியின் முன் உட்கார்ந்தான். அண்ணி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றாள். உதை வாங்கிய பெட்டி எழுந்தது, ஆனால் படம் காட்ட மாட்டேன் என்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான் வந்தது.

"போச்சா தம்பி?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. கறுப்புத் திரையிலயே ஓடுற புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டா கீபோர்டை வச்சே எந்த ஃபைலையும் எடுத்துடலாம். மவுஸே வேணாம்."

கட்டளையை அடித்தான். பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. அண்ணனின் லாரி நம்பரைக் கொடுத்தான். நிறுவட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்றான். எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. நூறு சதவீதம் வந்து நின்றபோதுதான் மூச்சு விட்டான். அந்தப் புரோகிராமின் பெயர் இரண்டே எழுத்து. அதை அடித்தான், திரை நீலமாக மாறி இரண்டு பத்தியாகப் பிரிந்தது. இடப்பக்கம் பெட்டியில் இருப்பது, வலப்பக்கம் அவன் செருகிய பென் டிரைவ். அடியில் வரிசையாகப் பொத்தான் எண்கள்: ஐந்து என்றால் காப்பி, எட்டு என்றால் டெலீட்.

அங்கேதான் ரோஷம் வந்து கெடுத்தது. அண்ணனின் பில்லும் கணக்கும் அவன் படங்களும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. அண்ணனுடையது ஒரு துரும்புகூடத் தனக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் தன் படத்தை மட்டும் குறித்தான். குறித்ததெல்லாம் மஞ்சளாயிற்று.

"மொத்தமா அள்ளிட்டு ஓடுங்க தம்பி! இப்பப் போய் நியாயம் பார்க்கிறீங்களே!" தெருவை மறந்து திரும்பிய அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிப் பெயரைக் குறித்துவிட்டு அவன் ஐந்துக்கு விரலைக் கொண்டுபோகும்போது ஷட்டர் தடதடவென்று ஏறியது. அண்ணனுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பென் டிரைவைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அண்ணியைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் பலகை அடுக்கில் போய் விழுந்தாள். ஒட்டடையின் பிடரியைப் பிடித்து மேஜையில் மோதினார். உதடு கிழிந்து பல்லில் ரத்தம் வந்தது.

"ஓடப் பார்க்கிறியா? சோறு போட்டவனை விட்டுட்டு ஓடப் பார்க்கிறியா?" அவன் தலையை அழுத்திக்கொண்டே திரையின் அடிவரிசையைப் படித்தார். "எட்டு, டெலீட். பலே! நல்லா எழுதித்தான் வச்சிருக்கான்."

எட்டை அமுக்கினார். சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து, அழிக்கட்டுமா என்று கேட்டது.

"அண்ணே, வேணாம்ணே! என்டரைத் தட்டிடாதீங்க. அது போனா திரும்ப வராதுண்ணே!"

"அப்படியா?" அண்ணன் வலதுகை விரல்களை என்டர் மேல் பரப்பி வைத்தார். "எங்கேயும் போக மாட்டேன்னு சொல்லு."

"போக மாட்டேன்."

"சத்தமா."

"போக மாட்டேண்ணே!"

அண்ணன் சிரித்தார். "நீ வரைவே, நான் அழிப்பேன். மறுபடி உட்கார்ந்து வரைவே. எங்கடா போயிடுவே?"

அடியைக்கூட ஒட்டடை தாங்கியிருப்பான், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. மேஜையோரம் உளி அடிக்கிற கொட்டாப்புளி கிடந்தது. எடுத்தான், ஓங்கினான், அந்தக் கையின் மேலேயே இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. கைக்கு அடியில் இருந்த பொத்தானும் அமுங்கியது.

அண்ணன் அலறினார். மஞ்சள் பெயர்கள் மேலேயிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஐயோ, தன் கையாலேயே தட்டிவிட்டோமே என்று ஒட்டடைக்கு உறைத்தது. உறைத்ததும் நிறுத்தினானா? இல்லை. கீழே விழுந்தவரின் தோளில் அடித்தான், முழங்காலில் அடித்தான், தடுக்க நீட்டிய கையில் அடித்தான். அழித்து முடித்த திரை அமைதியாக நின்றது. அவன் அடித்துக்கொண்டே இருந்தான். வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் எழுந்து வந்தது. வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை.

"வேணாம்டா… தம்பி, வேணாம்டா…"

"சத்தமா!" என்றான் ஒட்டடை.

"வேணாம்டா! விட்டுடுடா!"

மூச்சு வாங்கியது. கொட்டாப்புளியைப் பிடித்தபடியே நிமிர்ந்து, அண்ணியைத் தூக்கிவிடத் திரும்பினான். அவள் பலகைகளுக்கிடையில் பின்னால் பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் முட்டியதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னை அடிச்சுடாதீங்க தம்பி" என்றாள்.