முப்பத்தொரு நாள் லீவு

"இரவில நித்திரை வருதோ?"

"நல்லா வருது, மிஸ்."

"கெட்ட கனவு?"

"இல்லை. நாலு எண்ணி மூச்சை இழுக்கிறன், ஆறு எண்ணி விடுறன். பிறகு சுத்திவரத் தெரியிற அஞ்சு சாமானைப் பாக்கிறன். அடுத்தது அதைத்தானே கேப்பியள்?"

தேனுகா பேனாவை மேசையில் போட்டாள். கிளிநொச்சியில் ஆறு வருடமாக உளவியலாளராக இருக்கிறாள். அம்புலன்ஸ்காரர், கண்ணிவெடி அகற்றுபவர், எல்லோரும் அவளிடம் சரியான விடைகளோடுதான் வருகிறார்கள்.

சுகிர்தன் அம்புலன்ஸ் உதவியாளன். மூன்று கிழமைக்கு முன், பளையில் லொறி மோதிய ஒரு சிறுமி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் கையிலேயே இறந்தாள். அடுத்த அழைப்பில் அவன் வாகனத்தை விட்டு இறங்கவேயில்லை. இப்போது தேனுகா 'தகுதி' என்ற பெட்டியில் புள்ளடி போட்டால் திங்கட்கிழமை அவனுக்கு வேலை. 'தகுதியில்லை' என்றால் ஒப்பந்தம் முடிந்தது. படிவத்தில் மூன்றாவது பெட்டி இல்லை.

"இந்த விடையெல்லாம் எங்க பழகினீங்கள்?"

"சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க, மிஸ். எனக்குப் பதினொரு வயசு. கிழமைக்கு ஒரு கூட்டம் வந்து படம் கீறச் சொல்லும். சூரியனைக் கீறினால் பிள்ளை தேறிட்டான் எண்டு பிஸ்கட் தருவினம். நான் ரெண்டு சூரியன் கீறுவன்."

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. தேநீரும் மீன் ரோல்சும் வந்தன. அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மச்சம் தின்னுறேல்லை, மிஸ்."

"விரதமோ?"

"துடக்கு."

"ஐயோ, வீட்டில ஆர் செத்தது?"

"வீட்டில இல்லை. அந்தப் பிள்ளைதான். தாயும் தேப்பனும் அதே விபத்தில அடிபட்டு இன்னும் ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கினம். துடக்குக் காக்க ஆர் இருக்கினம்? நான் விறாந்தையிலதான் படுக்கிறன். கோயிலுக்கும் போறேல்லை." கைகளை விரித்துப் பார்த்தான். "இந்தக் கையால இன்னொரு உயிரை எப்பிடித் தொடுறது? முப்பத்தோராம் நாள் முழுகிப்போட்டு வாறன்."

அவளுடைய கேள்வித்தாளின் நாற்பது கேள்விகளில் இது இல்லை.

"முழுகினாப் பிறகு வாகனத்தை விட்டு இறங்குவீங்களோ?"

"தெரியாது, மிஸ்."

அன்று அவன் சொன்ன முதல் உண்மையான விடை அதுதான்.

அவள் அம்புலன்ஸ் சேவை மேலதிகாரி கனகலிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சுகிர்தனுக்கு இன்னும் பத்து நாள் லீவு குடுங்கோ, சேர். துடக்கு."

"செத்த ஆள் அவனுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டுமில்லை."

"அப்ப லீவுமில்லை. பிள்ளை, சும்மா ஒரு புள்ளடியைப் போட்டு அனுப்புங்கோவன். பேனைக்கு மை இல்லையோ?"

அவள் இரண்டு பெட்டிகளுக்கும் குறுக்கே எழுதினாள்: 'முப்பத்தோராம் நாளுக்குப் பின் மீண்டும் பார்க்கப்படும். அதுவரை வேலையில் வைத்திருக்கவும்.' கையெழுத்திட்டுக் கனகலிங்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஒரு மணித்தியாலத்தில் படிவம் திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் கடதாசித் துண்டு: 'ஒரு பெட்டியை மட்டும் நிரப்பவும்.'

இன்னும் அங்கேயே இருந்த சுகிர்தன் அதை எட்டிப் பார்த்தான். "என்னால உங்களுக்குக் கரைச்சல், மிஸ். தகுதி எண்டே போடுங்கோ. நான் எப்பிடியும் சமாளிப்பன்."

"திரும்பவும் ரெண்டு சூரியன் கீறுறீங்களோ?"

அவன் தலை குனிந்தான்.

தேனுகா புதிய படிவம் எடுத்து அதே வரிகளை இன்னும் பெரிதாக எழுதினாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கனகலிங்கம் கையெழுத்துப் போடும்வரை அவருக்கு முன்னால் உள்ள கதிரையை விட்டு எழும்புவதாக இல்லை.