வெளிச்சப் புள்ளிகள்

பதாகையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். குளுக்கோமா கண்நோய் விழிப்புணர்வு வாரம். அவருக்குக் கீழே, ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் ஏற்றி வரப்பட்ட நாற்பது பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். கொண்டைக்கு மேல் தொப்பி நிற்கவில்லை. கங்காணி அழகையா ஒவ்வொரு தலையாக அமுக்கிவிட்டு வந்தார். மண்டபம் முழுக்க வடையெண்ணெய் வாசம்.

கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அந்த நாற்பது பேரில் அம்மாவும் வருகிறாள் என்று அரைநாள் லீவு கேட்டு வந்திருந்தேன். இரண்டு வருடமாக அவள் செடியின் நடுவில் மட்டும் கொழுந்தெடுத்து ஓரங்களை விட்டுவிடுகிறாள் என்று அழகையா அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியை வெட்டுகிறார். "ஓரக்கொழுந்த ஆட்டுக்கு நேந்துவிட்டிருக்கியா, அன்னலட்சுமி?" என்று அவர் கேட்டால் மலையே சிரிக்குமாம். அம்மா சொன்னபோது நானும் சிரித்தேன். தோட்டத்தில் கண் கோளாறு என்றால் கண்ணாடிதான் மருந்து. தேர்தலுக்குத் தேர்தல் கொடுத்த மூன்று கண்ணாடிகள் அவளிடம் இருக்கின்றன.

ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்றது வாசலில் கொடுத்த துண்டுப்பிரசுரம். போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டுமருந்தால் காக்கலாம். என் பழைய சிரிப்பு வாயில் புளித்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"மெதுவாப் படிடி. கங்காணி நிக்கிறாரு. கண்ணு தெரியலன்னா பேர வெட்டிருவாங்க. பேரு போனா குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும்."

வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்தாள். எங்கே வெளிச்சப் புள்ளி மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். தாதி சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அழகையா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டக், டக், டக். கொழுந்து கிள்ளும் வேகம். அம்மா எந்த வெளிச்சத்துக்கும் காத்திருக்கவில்லை.

தாளைப் பார்த்த டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இது சரியா வரேல்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"செவ்வாக்கெழம கொழுந்து நாளுங்க, டொக்டர்" என்றார் அழகையா.

"அவங்க பாக்காமலே அமுக்கினாங்க" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். புகைப்படக்காரர் கூப்பிட்டார். டொக்டர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்துபோனார். அம்மாவையும் இழுத்துப் பதாகைக்கு முன்னால் நடுவில் நிறுத்தினார்கள். அவளும் பல் தெரியச் சிரித்தாள்.

லொறி கிளம்பும்போது அவள் பக்கவாட்டில் நின்று கையாட்டினேன். பார்க்கவில்லை. "அம்மா" என்றதும் தலையை முழுசாகத் திருப்பினாள்.

"நான் பாசுதானேடி?"

மடியில் சோற்றுப் பார்சல். அதன் மேல் அவள் கட்டைவிரல் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது.