ஷட்டரில் ஒரு தூசு

நாளைக் காலை கல்யாணம். என் கையில் கேமரா இல்லை.

கல்யாணம் எனக்கல்ல. எனக்கு எப்போதோ ஆகிவிட்டது, என்னைக் கட்டிக்கொண்ட ஆள்தான் கேமரா விற்க வந்த ஒருவர் வீட்டுச் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கல்யாணப் படம் எடுப்பவள். வருஷக்கணக்காக ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் நின்று எடுப்பது நான், ஆல்பத்து அட்டையில் பெயர் முதலாளியுடையது. போன மாதம் சண்டை போட்டு, "இனிமே என் படம் என் பேர்லதான் வரும்" என்று கடை அதிரக் கத்திவிட்டு வெளியே வந்தேன். நாளைய கல்யாணம்தான் அப்படி வரப்போகிற முதல் ஆல்பம்.

என் பழைய கேமராவுக்கு அது பொறுக்கவில்லை. முந்தாநாள் ஷட்டர் உடைந்து மண்டையைப் போட்டுவிட்டது. வாடகைக்குக் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். ஃபோனைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஒருவர் மட்டுமே வைத்திருந்து விற்கும் மிரர்லெஸ் கேமரா, சொன்ன விலையும் நியாயம். சொந்தக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். கடைக்கு மேலேயே வீடு.

"உக்காருங்கம்மா. டீ சாப்பிடுறீங்களா?"

"டீ எல்லாம் வேணாங்க. கேமராவைக் காட்டுங்க."

"இவ இப்படித்தாங்க, கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டு நிப்பா" என்றார் என் வீட்டுக்காரர். முறைத்தேன். எனக்கா டீ இறங்கும்?

கேமரா பளபளவென்றுதான் இருந்தது. பளபளப்பை யார் கேட்டார்கள்? ஷட்டர் என்பது உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள். ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும், செருப்பு மாதிரித் தேயும். சட்டையைப் பார்த்துச் செருப்பின் தேய்மானத்தைச் சொல்ல முடியாது. அதிகபட்ச வேகத்தில் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தேன். ஓரத்தில் கறுப்பு விழவில்லை. மறுபடி எடுத்தேன். காதருகே வைத்து விடாமல் அடித்துக் கேட்டேன். சத்தம் ஒரே சீராக இருந்தது.

"நான் பறவையைத் தவிர எதையும் எடுத்ததில்லம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "அதுவும் எங்க! கேமராவைத் தூக்கறதுக்குள்ள பறந்துடும். இப்ப முட்டியும் போச்சு, பறவையும் போச்சு."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. மொத்தம் எத்தனை படம் எடுத்திருக்குன்னு நான் பாக்கணும்."

சொன்ன பிறகு எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் கோபப்படவில்லை. "பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர் இருக்கு, வாங்க" என்றார். லென்ஸைக் கழற்றி, அது மாட்டும் வளையத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தேன். கேமராவை அணைத்து மேஜையில் வைத்தேன். கார்டை உருவிக்கொண்டு எழுந்து ஓடினேன். லென்ஸ் இல்லாமல் திறந்து கிடந்த அதன் வாய்க்கு ஒரு மூடி போடக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியாக எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அது மெதுவாக யோசித்தது. எண் வந்தது. நான் ஒரு கல்யாண சீசனில் எடுப்பதில் பாதிகூட இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றேன்.

"சந்தேகப்படணும்மா. காசு குடுக்கப்போறீங்கல்ல" என்று சிரித்தார். "பெட்டி, பில்லு எல்லாம் பரண்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் என் பையிலிருந்து கேமரா துடைக்கும் குச்சியை எடுத்துக் கையில் வைத்திருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"உள்ள ஒரு தூசு இருந்துச்சு. நல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. விடுவனா? அழுத்தித் தொடச்சிட்டேன்."

ஐயோ, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

என் பழைய கேமராவில் லென்ஸைக் கழற்றினால், படம் பதிகிற சென்சார்தான் முன்னால் தெரியும். அதைத் துடைக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இந்த வகைக் கேமரா அப்படி இல்லை. அணைத்ததும் சென்சாரைக் காப்பாற்ற ஷட்டர் தானாக மூடிக்கொள்ளும். மனுஷன் சென்சார் என்று நினைத்து அழுத்தியது ஷட்டர் தகட்டை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஆன் செய்தேன். கரகரவென்று ஒரு சத்தம். சுவரைப் படம் எடுத்தேன். கீழ்ப்பாதி கறுப்பாக வந்தது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே பரணில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. "அவர் இன்னும் பாக்கல" என்று குசுகுசுத்தார். "புடிக்கலன்னு சொல்லிட்டுக் கெளம்பிடலாம்."

"வாயை மூடுங்க!"

அவரைத் திட்டினேனே தவிர, என் காலும் வாசல் பக்கம் திரும்பித்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் பெட்டியோடு, நொண்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் ஓட முடியவில்லை.

"ஷட்டர் போச்சு சார். நாங்கதான் ஒடச்சிட்டோம். நீங்க சொன்ன விலைக்கே நான் எடுத்துக்கறேன்."

அவர் கேமராவை வாங்கி உள்ளே பார்த்தார். "ரிப்பேர் செலவை மட்டும் குடுங்களேன்" என்றார். நான் கேட்கவில்லை. பேசிய பணத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டேன். புது ஷட்டர் போட்டால் இன்னும் பல காலம் உழைக்கும். ஆனால் அது நாளைக் காலைக்குள் நடக்காது.

மாடிப்படியில் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு இறங்கினார். "உன் பொழப்பையே கெடுத்துட்டேன்" என்றார். கல்யாணப் பெண் காலையிலிருந்து மூன்று முறை "அக்கா, வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டிருந்தாள். அவரைக் கீழே போகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தேன்.

ஸ்டுடியோ முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், நாளைக்கு ஒரு நாள் கேமரா வேணும். வாடகை தந்துடறேன்."

"வாடகைக்குக் குடுக்கறதில்ல. தெரியாதா உனக்கு?" சற்று நிறுத்தினார். "நீயே வந்து எடுத்துட்டுப் போ. ஆனா ஆல்பம் ஸ்டுடியோ பேர்ல போகும். சம்மதம்னா சொல்லு."

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நாளைக்கு ஒரு தரம்தான் நடக்கும்.

"சரிங்க சார்."

கீழே தெருவில் வீட்டுக்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"கேமரா கெடச்சிருச்சு."

"நெஜமாவா? அப்பாடா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப உன் பேர்ல மொத ஆல்பம் வந்துடும்ல?"

எதற்கெடுத்தாலும் அவர்மேல் எரிந்துவிழுகிறவள் நான்.

"வரும் வரும். வண்டிய எடுங்க" என்றேன்.