ஆலைப் பக்கத்துச் சுவர்

சீசனின் கடைசி ஆட்டத்தன்று காலையில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது கிளிஃப் ஹெப்வொர்த் ஆரம்பித்து வைத்த வழக்கம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மனைவி வின்னி அதை விடாமல் செய்து வந்தாள். மைதானத்தின் ஆலைப் பக்கத்து கோலுக்குப் பின்னால் நீளமாக ஓடும் செங்கல் சுவர் அது. ஸ்கெல்பி டவுன் கால்பந்து கிளப்பின் மொத்தச் சரித்திரமும் அதில் நீல எழுத்தில் இருந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் கிளப்பைத் தொடங்கிய வருஷம், புயலில் கூரை பறந்த வருஷம், போருக்குப் போன ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வராத வருஷம், எல்லாம். எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் ஒரு வரி: '1974. மார்ஃபோர்டை வீழ்த்தியது டெஸ் பூத்ராய்டின் தலை.'

அந்தத் தலை இருக்கிறதே, அது தலையே இல்லை. கை. பரம வைரி மார்ஃபோர்டோடு கோப்பை ஆட்டம், முடியப் போகும் நேரம், கொட்டுகிற மழை. டெஸ் எகிறிக் குதித்து இடது கையால் பந்தை வலைக்குள் தட்டிவிட்டான். நடுவர் கவனிக்கவில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற நம் கூட்டம் முழுக்கக் கண்ணால் பார்த்தது. பார்த்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்திக் கொண்டாடியது. மார்ஃபோர்டு கோல்கீப்பர் நார்மன் சக்டன் நடுவர் பின்னாலேயே ஓடி ஓடிக் கெஞ்சினான். கோட்டை விட்டவன் கதை அளக்கிறான் என்று அவன் ஊர்க்காரர்களே அவனை ஏசினார்கள். ஸ்கெல்பியில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியாள் கேட்டால் தலை. நமக்குள் என்றால் ஒரு கண்ணடிப்பு, ஒரு சிரிப்பு. கிளிஃபும் சிரித்துக்கொண்டேதான் அதைச் சுவரில் எழுதினார்.

அந்த ஒரு கோலுக்காக ஊர் டெஸ்ஸுக்கு என்னதான் செய்யவில்லை? எந்த மதுக்கடையிலும் அவனைக் காசெடுக்க விட்டதில்லை. அவன் வீடு கட்டும் தொழில் தொடங்கியபோது ஊரே அவனிடம்தான் போனது. பிறகு கிளப் தள்ளாட ஆரம்பித்தது. தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் கிளப்பிலும் அதன் மைதானத்திலும் ஒரு பங்கு இருந்தது. எல்லாப் பங்கையும் தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் கிளப்பைத் தூக்கி நிறுத்திக் காட்டுகிறேன் என்றான் டெஸ். வீடு வீடாகப் போய் அதைக் கேட்டு வாங்கியது யார்? சாட்சாத் வின்னிதான். இழுத்தடித்தவர்களிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். மார்ஃபோர்டுக்கு எதிராக அந்த கோலைப் போட்டவன் நமக்குக் கெடுதல் செய்வானா? அவ்வளவுதான். கொடுத்துவிட்டார்கள்.

கிளிஃபின் அஸ்தியை அவர் ஆசைப்படியே ஆலைப் பக்கத்து கோல் கம்பத்தடியில் புதைத்தார்கள். மண்வெட்டியைப் பிடித்துக் குழி தோண்டியவன் டெஸ். "நான் இருக்கிற வரைக்கும் இந்த மண்ணை ஒருத்தன் தொட முடியாது அக்கா" என்று கண் கலங்கிச் சொன்னான். அந்தச் சொல்லை நம்பித்தான் வின்னி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இந்த வருஷம் கடைசி ஆட்டம் மார்ஃபோர்டோடு அமைந்திருந்தது. காலையில் வின்னி பெயிண்ட் டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தபோது டெஸ் வந்தான். நல்ல கம்பளிக் கோட்டு, பளபளக்கிற ஷூ. புல்லில் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்து வந்தான்.

"இந்த வருஷம் வேண்டாம் அக்கா. பெயிண்ட் வீணாப் போகும்."

மழை வரும் என்கிறானோ என்று அவள் வானத்தைப் பார்த்தாள். டெஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான். மைதானத்தை விற்றாயிற்று. ஜூன் மாதம் இடிப்பு. வீடுகள் வருகின்றன. கிளப் எங்கேயும் போகாது, மார்ஃபோர்டு கிளப்போடு சேர்ந்து ஒரே கிளப்பாக அவர்கள் மைதானத்தில் ஆடும். சாயங்காலம் எல்லோருக்கும் அறிவிக்கப் போகிறான். அவளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று வந்தானாம். என்ன கரிசனம், பாருங்கள்!

வின்னி கலக்குவதை நிறுத்தினாள். கிளிஃப் இங்கே கிடக்கிறாரே என்று மட்டும் கேட்டாள்.

"அதை மறப்பேனா அக்கா? ஒரு தெருவுக்கு அண்ணன் பேரையே வைக்கச் சொல்லியிருக்கேன்."

"உன் பேர்ல?"

டெஸ் ஷூவைப் பார்த்தான். "பெரிய தெருவுக்கு."

அவன் போன பிறகு அவள் டப்பாவை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. மாடிப்படி ஏறி மூச்சிரைக்க அவள் கேட்டு வாங்கிய பங்குகள்! யோசித்துச் சொல்கிறோம் என்றவர்களை யோசிக்க விடாமல் வாங்கியவள் அவள்தானே. டெஸ் விற்றது நிலத்தை மட்டுமா? அவள் வாக்கையும் சேர்த்து விற்றிருந்தான், பாவி.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் நம் ஆட்கள் ஆலைப் பக்கம் நோக்கி அடித்தார்கள், அதனால் நம் கூட்டம் அங்கே நின்றது. யாருக்கும் எதுவும் தெரியாது. இறைச்சி அடைத்த அப்பம் தின்றார்கள், தேநீர் குடித்தார்கள், மார்ஃபோர்டுக்காரர்களின் பிறப்பு வளர்ப்பை வழக்கம்போல் விசாரித்தார்கள். டெஸ் நடுவில் நின்று தோள்களைத் தட்டிக்கொண்டிருந்தான். கிளப் தலைவரானாலும் மேலே போய் உட்காராமல் நம்மோடு நிற்கிறானே என்று அவனைப் பற்றி ஊருக்கு அப்படி ஒரு பெருமை.

இடைவேளையில் பக்கம் மாறுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். தங்கள் அணி அடிக்கும் கோலுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அதனால் நம் கூட்டம் கோட்டோரமாக எதிர்ப்பக்கம் நடந்தது. மார்ஃபோர்டுக் கூட்டம் மறுகோட்டோரமாக ஆலைப் பக்கம் வந்தது. வா வின்னி என்று யாரோ கூப்பிட்டார்கள். நீங்க போங்க, வர்றேன் என்றாள்.

எல்லோரும் நகர்ந்ததும் டப்பாக்களைத் திறந்தாள். எழுத்துப் பிழையை அழிக்க கிளிஃப் எப்போதும் ஒரு வெள்ளை டப்பாவும் வைத்திருப்பார். அந்த வெள்ளையால் 'தலை'யை மூடினாள். எழுதும்போது அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது, ஒரு கணம் தூரிகையைக் கீழே வைத்துவிடக்கூடப் பார்த்தாள். பிறகு நீலத்தைத் தொட்டு, ஈரத்தின் மேலேயே, 'இடது கை' என்று எழுதினாள்.

மார்ஃபோர்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவன் படித்துவிட்டு நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவன் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அப்புறம் எழும்பியது பாருங்கள் ஒரு கூச்சல், எதிர்ப்பக்கத்தில் நம் ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டெஸ் ஓடி வந்தான். இப்போது புல்லைக் குறுக்கே மிதித்தே வந்தான். சுவரைப் படித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன அக்கா பண்ணிட்டீங்க? என் பேரு போச்சே."

"அதான் பெரிய தெருவுக்கு வெச்சிருக்காங்களே. போய் அங்க தேடு."

அவன் வெள்ளை டப்பாவுக்குக் கை நீட்டினான். மார்ஃபோர்டுக்காரர்கள் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து நம் ஆட்களும் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களிடம் அவள் இன்னும் சொல்ல வேண்டியிருந்தது, மைதானத்தைப் பற்றி. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து அவளேதான் சொல்ல வேண்டும்.

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் ஊன்றுகோலோடு முன்னால் வந்தார். நார்மன் சக்டன். விரலால் அந்த எழுத்தைத் தொட்டார். ஈரம் விரலில் ஒட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க அன்னைக்குப் பாத்தீங்களாம்மா?"

"இதே இடத்துலதான் நின்னேன். எல்லாருமே பாத்தோம்."

"என் அப்பாகூட என்னை நம்பலை. நம்பாமலே செத்துப் போனாரு." அவர் குரல் ஏறவில்லை. "பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

வின்னி டெஸ்ஸைப் பார்த்தாள். அவன் நெருங்கி வரும் ஸ்கெல்பி முகங்களைப் பார்த்து, பழையபடி கண்ணடிக்க முயன்றுகொண்டிருந்தான்.

"ஏமாத்துனாலும் உங்களைத்தானே ஏமாத்துறான்னு இருந்துட்டோம்" என்றாள்.

நடுவர் ஊதினார். இரண்டாம் பாதி தொடங்கியது, ஆனால் பந்தை யாரும் பார்க்கவில்லை.